கல்லாவும் க்யூஆரும்: சிறு கடையில் இருவகைப் பணம்

இந்தியாவில் ரொக்கம் ஒழிந்துவிடவில்லை. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது நாட்டில் புழங்கிய பணம் ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாய். 2024 மார்ச் இறுதியில் அது 34 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. அதே 2016 ஏப்ரலில் அறிமுகமான யூபிஐ வழியாக, 2019 அக்டோபரில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 100 கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன. 2023 ஆகஸ்டில் இந்த எண்ணிக்கை 1,000 கோடியையும் 2025 ஆகஸ்டில் 2,000 கோடியையும் கடந்தது.

இரண்டும் ஒருசேர வளர்வதில் முரண் இல்லை. நோட்டு வீட்டில் அவசரக் கையிருப்பாகவும் சேமிப்பாகவும் தங்குகிறது. கூலி, தண்டல், சந்தைக் கொள்முதல் போன்றவற்றில் இன்னும் கைமாறுகிறது. டீ, காய்கறி, மருந்து, ஆட்டோ போன்ற அன்றாடச் செலவுகள்தான் கைபேசிக்கு மாறியிருக்கின்றன. இந்த மாற்றம் நேராக வந்து சேரும் இடம் சிறு கடை. முன்பு கல்லா ஒன்றையே பார்த்தால் போதும் என்றிருந்த கடைக்காரர், இப்போது கல்லாவையும் வங்கிக் கணக்கையும் சேர்த்து நடத்த வேண்டியிருக்கிறது. அதைக் கைநழுவாமல் செய்யும் முறையை இந்த அத்தியாயம் வரிசையாக விளக்குகிறது.

1. பணம் எந்த வழியாக வருகிறது

யூபிஐயை நடத்துவது என்பிசிஐ எனப்படும் இந்திய தேசியப் பணப்பட்டுவாடா கழகம். வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ் சேவையை இந்தக் கழகம் 2010இல் கொண்டுவந்தது. கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு போன்ற விவரங்கள் தெரிந்தால்தான் அதில் அனுப்ப முடியும் என்ற நிலையை யூபிஐ மாற்றியது. கைபேசி எண்ணோ, @ குறியுடன் கூடிய யூபிஐ முகவரியோ, ஒரு க்யூஆர் கட்டமோ இருந்தால் போதும்.

டீக்கடையில் 30 ரூபாய் எப்படிக் கைமாறுகிறது என்று பார்த்தால் அமைப்பு முழுவதும் விளங்கும். வாடிக்கையாளர் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார். அந்தக் கட்டத்துக்குள் கடையின் யூபிஐ முகவரியும் பெயரும் இருக்கின்றன. அவர் 30 என்று அடித்து, 4 அல்லது 6 இலக்கப் பின் எண்ணைப் போடுகிறார். கோரிக்கை அவருடைய செயலியிலிருந்து என்பிசிஐக்கும், அங்கிருந்து அவருடைய வங்கிக்கும் போகிறது. வங்கி பின் எண்ணைச் சரிபார்த்து 30 ரூபாயைக் கழிக்கிறது. பிறகு என்பிசிஐ கடைக்காரரின் வங்கிக்குச் சொல்ல, அங்கே 30 ரூபாய் வரவாகிறது. வரவு உறுதியானதும் கடையின் சவுண்ட் பாக்ஸ் தொகையைத் தமிழில் அறிவிக்கிறது. இத்தனையும் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை மனத்தில் வைக்க வேண்டும். ஒன்று, வாடிக்கையாளர் பயன்படுத்தும் கூகுள் பே, போன்பே போன்ற செயலிகள் யூபிஐ பணத்தைக் கையில் வைத்திருப்பதில்லை. பணம் வங்கியிலிருந்து வங்கிக்கே போகிறது. எனவே பணம் எங்கே என்ற கேள்விக்கு இறுதி விடை வங்கிக் கணக்கில்தான் இருக்கும். இரண்டு, பின் எண் பணம் கொடுப்பவருக்கு மட்டுமே தேவை. பணம் வாங்குவதற்கு யாரும் எங்கேயும் பின் எண் போட வேண்டியதில்லை.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பட்டன் போனில் *99# அடித்து வங்கிச் சேவையைப் பெறலாம். 2022 மார்ச்சில் வந்த யூபிஐ 123பே மூலம் அழைப்பு வழியாகவே பணம் செலுத்தலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய யூபிஐ லைட்டில் சிறு தொகையை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொண்டு, பின் எண் இல்லாமலே செலவழிக்கலாம். அடிக்கடி 10, 20 ரூபாய் செலவழிப்பவரின் பாஸ்புக் பக்கம் பக்கமாக நீளாமல் இருக்க இது உதவும்.

2. கடைக்கு அமைத்துக்கொள்வது

முதலில் தீர்மானிக்க வேண்டியது வங்கிக் கணக்கு. கடை வரவுக்குத் தனிக் கணக்கு அவசியம். தொழில் சற்று வளர்ந்திருந்தால் நடப்புக் கணக்கு பொருத்தமானது. அதில் வட்டி இல்லை, குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியிருக்கும். குடும்பச் சேமிப்புக் கணக்கிலேயே கடைப் பணத்தையும் வாங்குவது தொடக்கத்தில் சுலபமாகத் தெரியும். வெளியூரில் இருக்கும் மகன் அனுப்பும் பணம், சீட்டுப் பணம், கைமாற்று எல்லாம் விற்பனையோடு கலந்த பிறகு, எது வியாபாரம் எது வீடு என்று ஒரு வருடம் கழித்துப் பிரிக்க முடியாது. இதன் விளைவு வரிக் கணக்கில் தெரியவரும்.

அடுத்து க்யூஆர். தனிநபர் செயலியில் வரும் க்யூஆரைப் பிரிண்ட் எடுத்து ஒட்டுவதைவிட, வணிகருக்கான க்யூஆர் வாங்குவதே நல்லது. அதற்குக் கடையின் பெயர், பான் எண், வங்கி விவரம் கேட்பார்கள். ஸ்கேன் செய்பவரின் திரையில் கடைப் பெயர் தெரியும்; நாள்வாரி அறிக்கை கிடைக்கும்; சவுண்ட் பாக்ஸை இணைக்கலாம். பணம் உடனுக்குடன் கணக்கில் சேருமா, சேவை நிறுவனத்தின் வழியாக இரவிலோ மறுநாளோ மொத்தமாகச் சேருமா என்பதைச் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மறுநாள் அதிகாலையில் சந்தைக்குப் போக வேண்டிய காய்கறிக் கடைக்காரருக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் பெரிது.

தொகை குறிப்பிடாத நிலையான க்யூஆரில் வாடிக்கையாளரே தொகையை அடிக்கிறார். அவசரத்தில் 150 என்பது 15 ஆகலாம். பில் போடும் இயந்திரம் உள்ள கடைகளில் ஒவ்வொரு பில்லுக்கும் தொகையுடன் புது க்யூஆர் திரையில் வரும்படி அமைத்தால் இந்தத் தவறு நேராது.

3. செலவு எவ்வளவு

வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாகவும், ரூபே டெபிட் கார்டு வழியாகவும் வரும் தொகைக்கு 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது. 100 ரூபாய் வந்தால் 100 ரூபாயும் அவருக்கே. ஆனால் மற்ற வழிகள் எல்லாம் இலவசம் அல்ல. கிரெடிட் கார்டுக்குக் கமிஷன் உண்டு. கிரெடிட் கார்டை யூபிஐயோடு இணைத்துச் செலுத்தும்போதும் தொகையைப் பொறுத்துக் கமிஷன் வரலாம். சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை பிடிக்கும் நிறுவனங்கள் பல. பாக்ஸைத் திருப்பிக் கொடுத்த பிறகும் ஆட்டோ டெபிட் தொடர்கிறதா என்று பார்த்து, தொடர்ந்தால் செயலியில் அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும்.

ரொக்கத்துக்கும் செலவு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. சில்லறை தேடி அலையும் நேரம், கள்ளநோட்டு, கிழிந்த நோட்டு, வங்கி வரிசை, திருட்டுப் பயம் ஆகியவை அந்தச் செலவு. யூபிஐ வந்த பிறகு 47 ரூபாய்க்கு 47 ரூபாயே வருகிறது; மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கம் குறைந்திருக்கிறது.

4. பணம் வந்ததை உறுதி செய்தல்

கடையில் நடக்கும் மோசடிகளில் பெரும்பாலானவை யூபிஐயின் பூட்டை உடைத்து நடப்பவை அல்ல. கடைக்காரரின் அவசரத்தையும் நம்பிக்கையையும் பயன்படுத்திக்கொள்பவை.

போலித் திரை: பச்சை டிக் போட்ட திரையைக் காட்டிவிட்டுச் சரக்கோடு போய்விடுவது. அசல் செயலியைப் போலவே திரை காட்டும் போலிச் செயலிகளும் உண்டு. வாடிக்கையாளரின் கைபேசி சாட்சி ஆகாது. பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது கடைக்காரரின் செயலியில் வரவு தெரிய வேண்டும். கூட்ட நேரத்தில் பாக்ஸின் சத்தம் கேட்கும் இடத்தில் அதை வைப்பதும், அதன் சார்ஜையும் சிம் சிக்னலையும் காலையிலேயே பார்த்துவிடுவதும் வழக்கமாக வேண்டும்.

ஒட்டு மாற்றம்: கடையின் க்யூஆர் மேல் வேறொருவரின் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போவது. கடையைத் திறந்ததும் தன் கைபேசியில் ஒருமுறை ஸ்கேன் செய்து, கடைப் பெயர் வருகிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். அட்டையை வெளியே சுவரில் விடாமல், கல்லா அருகே கண் பார்வையில் வைப்பது நல்லது.

“தவறாக அனுப்பிவிட்டேன்”: தெரியாத எண்ணிலிருந்து அழைத்து, 5,000 ரூபாய் தவறுதலாக வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சுவார்கள். பணம் வந்ததாக எஸ்எம்எஸ் கூட வந்திருக்கும், அது போலி. வங்கி இருப்பைப் பார்க்காமல் எதையும் அனுப்பக் கூடாது. உண்மையிலேயே வந்திருந்தாலும், அனுப்பியவரைத் தன் வங்கியில் புகார் செய்யச் சொல்லி, வங்கி வழியாகவே திருப்புவது பாதுகாப்பு. மோசடிப் பணம் ஒரு கணக்கின் வழியாகக் கடந்துபோனால், அந்தக் கணக்கே போலீஸ் விசாரணையில் முடக்கப்படலாம்.

“பின் எண் போட்டால் பணம் வரும்”: பழைய பொருள் வாங்குவதாகவும் மொத்த ஆர்டர் தருவதாகவும் பேசி, க்யூஆர் ஒன்றை அனுப்பி, ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். யூபிஐயில் பணக் கோரிக்கை அனுப்பும் வசதியும் இதற்குப் பயன்பட்டதால், தனிநபர்களுக்கிடையேயான கோரிக்கையை என்பிசிஐ 2025 அக்டோபர் முதல் நிறுத்தியது. ஆனாலும் க்யூஆரும் இணைப்பும் அனுப்பி ஏமாற்றுவது தொடர்கிறது. பின் எண் கேட்கப்பட்டால் பணம் வெளியே போகிறது என்று பொருள். இந்த ஒரு விதியைக் கடைப்பையன் வரை எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

இவற்றோடு, பாக்ஸ் பழுது பார்க்க வந்ததாகச் சொல்பவரிடம் கைபேசியைக் கொடுப்பதும், திரையை வேறொருவர் இயக்க வழிவிடும் செயலிகளை இறக்குவதும் கூடாது.

5. பணம் நடுவழியில் நின்றால்

வாடிக்கையாளரின் கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்கு வரவில்லை: கல்லாவில் வாக்குவாதம் எழுவது பெரும்பாலும் இதனால்தான். இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வகுத்திருக்கிறது. ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய யூபிஐ தொகை போய்ச் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது சேராவிட்டால் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். கெடு தாண்டினால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு வங்கி இழப்பீடு தர வேண்டும்.

ஆகவே கடைக்காரர் செய்யக்கூடியது இது: தன் செயலியில் வரவு இல்லை என்பதைக் காட்டி, பரிமாற்ற எண்ணை இருவரும் குறித்துக்கொண்டு, அப்போதைக்கு வேறு வழியில் பணம் வாங்குவது. தெரிந்த வாடிக்கையாளராக இருந்தால் கடன் நோட்டில் எழுதிக்கொண்டு மறுநாள் பார்க்கலாம். அதே தொகையை மறுபடி அனுப்பச் சொல்வதற்கு முன் சில நிமிடங்கள் பொறுத்தால், இரண்டுமுறை பணம் போவதைத் தவிர்க்கலாம்.

மோசடியில் பணம் போயிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் தடுத்து நிறுத்தப் பார்ப்பார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நேர்ந்த இழப்பை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. பின் எண்ணைத் தானே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவரையே சேரும். புகார் கொடுத்து 30 நாளாகியும் வங்கி தீர்க்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

6. ரொக்கத்தை ஏன் கைவிடக் கூடாது

யூபிஐக்கு மின்சாரமும் சிக்னலும் வங்கிக் கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுவதும் யூபிஐ தடைப்பட்டது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோதும், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை கொட்டியபோதும் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசிச் சேவையும் நாள்கணக்கில் நின்றன. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. அப்படிப்பட்ட நாளில் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்கக் கையில் நோட்டு வேண்டும். அவற்றை விற்கும் கடையில் சில்லறை வேண்டும்.

பணமில்லாப் பரிமாற்றத்தில் வெகுதூரம் போன ஸ்வீடனும் இதே முடிவுக்கு வந்திருக்கிறது. 1661இல் ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டுகளை வெளியிட்ட அந்த நாட்டில், 2012இல் வங்கிகள் சேர்ந்து தொடங்கிய ஸ்விஷ் செயலிக்குப் பிறகு கடைகளில் ரொக்கம் அரிதாகிவிட்டது. இப்போது அங்கே அரசே, போர் அல்லது பேரிடர்க் காலத்துக்காக வீட்டில் ஒரு வாரத் தேவைக்கான ரொக்கம் வைத்திருக்கும்படி மக்களுக்கு அறிவுறுத்துகிறது.

ரொக்கம் வேண்டும் என்பதற்கு மனிதர்களும் காரணம். பின் எண் போடத் தயங்கும் முதியவர்கள், கைபேசியைக் கணவரோ மகனோ வைத்திருக்கும் பெண்கள், நாள்கூலியை நோட்டாக வாங்குபவர்கள், பள்ளி முடிந்து ஐந்து ரூபாயோடு வரும் குழந்தைகள் ஆகியோரைத் திருப்பி அனுப்பும் கடை, அந்தத் தெருவின் கடையாக இருக்க முடியாது. ‘க்யூஆர் மட்டும்’ என்று பலகை வைப்பதும் ‘ரொக்கம் மட்டும்’ என்று வைப்பதும் வாடிக்கையாளரில் ஒரு பகுதியை இழக்கும் வழிகளே.

நாணயத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் பல ஊர்களில் 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவ 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான நாணயங்கள், 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 1,000 ரூபாய் வரையான தொகைக்குச் செல்லும். அவற்றை வாங்கி, மீதி கொடுக்கும்போது புழக்கத்தில் விடும் கடைக்குச் சில்லறைத் தட்டுப்பாடு பாதி குறையும்.

கல்லாவில் எவ்வளவு வைக்கலாம்? ஒரு சாதாரண நாளின் ரொக்க விற்பனைக்கு மீதி கொடுக்கும் அளவுச் சில்லறையும், யூபிஐ இல்லாமல் ஒரு நாள் கொள்முதலை நடத்தும் அளவு நோட்டும் கைவசம் இருந்தால் போதும். மிச்சத்தை வங்கியில் கட்டிவிடுவது பாதுகாப்பு.

7. வரியும் வரவும்

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வரவுகளை ஆதாரமாக வைத்துச் சிறு கடைக்காரர்கள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தன. அந்தப் பதற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் விதி தெரியாமையும் கணக்கு இல்லாமையும்தான்.

ஜிஎஸ்டி பதிவு விற்பனைத் தொகையைப் பொறுத்தது. பணம் எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்தது அல்ல. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயையும், சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் பதிவு தேவை. காய்கறி, பால் போன்ற வரிவிலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. தன் விற்பனையில் எவ்வளவு வரிவிலக்குப் பொருள் என்று காட்டக் கொள்முதல் பில்கள் வேண்டும். அவற்றைப் பத்திரப்படுத்துவதே முதல் தற்காப்பு.

வருமான வரியில் யூபிஐ வரவுக்குச் சலுகையும் இருக்கிறது. விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமல் உத்தேச லாபம் காட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கும் சிறு வணிகர், ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டும். வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம் போதும். ஒரே நாளில் ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது. கடையின் அளவு இந்த வரம்புகளை நெருங்கும்போது ஆடிட்டரைப் பார்ப்பது அவசியம்.

8. அன்றாடக் கணக்கு

இரண்டு வழிகளில் வரும் பணத்தை ஒன்றாகச் சரிபார்ப்பதற்கு இரவில் பத்து நிமிடமும் ஒரு நோட்டும் போதும். எடுத்துக்காட்டாக ஒரு மளிகைக் கடையின் ஒரு நாள்:

காலையில் கல்லாவில் வைத்த சில்லறை: 2,000 ரூபாய்
அன்றைய மொத்த விற்பனை: 14,600
க்யூஆர் வரவு, செயலி அறிக்கைப்படி: 8,350
கடன் விற்பனை: 450
கல்லாவிலிருந்து கொடுத்த செலவு: 1,200

விற்பனையில் க்யூஆர் வரவையும் கடனையும் கழித்தால் 5,800. அதோடு காலைச் சில்லறை 2,000 சேர்ந்து 7,800. செலவு 1,200 போனால் கல்லாவில் 6,600 இருக்க வேண்டும். எண்ணும்போது 6,300 இருந்தால், 300 ரூபாய் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. பாக்ஸ் சொல்லாமல் விட்டதா, தொகை தவறாக அடிக்கப்பட்டதா, மீதி அதிகம் கொடுக்கப்பட்டதா என்று அன்றிரவே செயலிப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். வாரக் கடைசியில் தேடினால் பிடிபடாது.

இந்தக் கணக்கிலும் அகப்படாத ஒன்று உண்டு. “500 ரூபாய் ஜிபே பண்றேன், ரொக்கமா குடுங்கண்ணே” என்று கேட்பவருக்குக் கடைக்காரர் நோட்டை எடுத்துக் கொடுக்கிறார். க்யூஆர் வரவு 500 கூடுகிறது, கல்லாவில் 500 குறைகிறது. இரவுக் கணக்கு சரியாகவே வரும். ஆனால் வருட முடிவில் வங்கி அறிக்கையில் அது விற்பனையைப் போலவே நிற்கும். தினம் இரண்டு பேருக்கு இப்படி உதவினால், விற்காத சரக்குக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேல் வரவு சேர்ந்துவிடும். இப்படிக் கொடுப்பதைத் தேதியோடும் பரிமாற்ற எண்ணோடும் தனிப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். குடும்ப வரவு தவறி இந்தக் கணக்குக்கு வந்தாலும் அதே பக்கத்தில் குறிக்கலாம்.

மாதம் ஒருமுறை வங்கி அறிக்கையை இறக்கி, நோட்டில் உள்ள நாள்வாரி க்யூஆர் தொகைகளோடு ஒப்பிட்டு, இடையில் பிடிக்கப்பட்ட வாடகை, கமிஷன், திரும்பிப்போன தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாத விற்பனை மொத்தத்தை ரொக்கம், க்யூஆர், கடன் என மூன்றாகப் பிரித்து எழுதி, அறிக்கையின் பிரதியையும் கொள்முதல் பில்களையும் அந்த மாத உறையில் போட்டு வைத்தால், வரி அலுவலகமோ வங்கியோ எப்போது கேட்டாலும் காட்டுவதற்கான ஆதாரம் கடையிலேயே இருக்கும்.